காது எந்தப் பக்கம்?

நான் முன்பு வேலை பார்த்த பணிமனையில் போன மாதம் ஒரு பிரிவு உபசாரம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் புதிதாகச் சேர்ந்த பெண் எஞ்சினியர் ஒருத்தி கணினித் திரையில் ஒரு பம்பின் உறையைக் காட்டினாள். விரலை அசைத்தால் அது சுற்றுகிறது, கவிழ்கிறது, வயிற்றைக்கூடப் பிளந்து காட்டுகிறது. "சார், இதெல்லாம் இல்லாம வெறும் மூணு படத்த வச்சு எப்படி சார் புரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"புரிஞ்சுக்கிட்டோம்னு உனக்கு யாரு சொன்னா?" என்றேன்.

சிரித்துவிட்டாள். கிழவன் வேடிக்கை பேசுகிறான் என்று நினைத்திருப்பாள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் வேடிக்கை பேசவில்லை. முப்பத்தைந்து வருடம் மெக்கானிக்கல் எஞ்சினியர் என்று சம்பளம் வாங்கியவன் நான். அதில் பாதி நாள் குழப்பத்தில்தான் கழிந்தது. அந்தக் குழப்பம் ஆரம்பித்தது படிக்கிற காலத்தில். அதில் ஒருவருடைய பிழைப்பே போகப் பார்த்தது. அதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

எழுபதுகளில் எஞ்சினியரிங் ஐந்து வருடப் படிப்பு. என் அப்பா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் தோணியில் தண்டல். அதாவது தோணியை நடத்துகிறவர். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போனவர்களே கொஞ்சம். அதிலும் நான் எஞ்சினியரிங் என்றதும் மாதா கோயிலில் பங்குச் சாமியார் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். ஜெபம் கணக்குப் பாடத்துக்குப் பலித்தது. டிராயிங்குக்குப் பலிக்கவில்லை.

எஞ்சினியரிங் டிராயிங் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளை முன்னாலிருந்து பார்த்து ஒரு படம், மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. மூன்றையும் ஒரே தாளில் ஒரு முறைப்படி அடுக்க வேண்டும். வம்பே அந்த அடுக்குவதில்தான். இடப்பக்கமிருந்து பார்த்த படத்தை முன்பக்கப் படத்துக்கு வலப்பக்கம் போடுவது ஒரு முறை. அதற்கு ஃபர்ஸ்ட் ஆங்கிள் என்று பெயர், வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம். அதே படத்தை இடப்பக்கமே போடுவது இன்னொரு முறை. அது தேர்ட் ஆங்கிள். இரண்டும் சரிதான். எந்த முறை என்று தெரிந்திருந்தால் போதும். தெரியாமல் படித்தால் பொருளின் முன்பக்கம் பின்பக்கமாகிவிடும்.

முதல் இரண்டு வருடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள். மூன்றாம் வருடம் ஒரு திங்கட்கிழமை, புரொபசர் உள்ளே வந்தார், கரும்பலகையில் "இன்று முதல் தேர்ட் ஆங்கிள்" என்று எழுதினார், உட்கார்ந்துவிட்டார். ஏன் சார் என்று ஒருவன் கேட்டான். "கோட் மாறிவிட்டது" என்றார், அதாவது படம் வரைகிற விதிகள். அவ்வளவுதான் விளக்கம்.

எனக்கு இரண்டும் கலந்து கூழாகிவிட்டது. தாளில் உள்ள பொருள் மண்டைக்குள் நிற்கவே நிற்காது. அதனால் விடுதியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். துணி துவைக்கிற பார் சோப்பை பிளேடால் வெட்டி, படத்தில் உள்ளதைச் செய்து, கையில் பிடித்துத் திருப்பிப் பார்ப்பேன். அப்புறம்தான் விளங்கும். படியும் ஓட்டையுமாக இருக்கிற அதே சோப்பில் சட்டையும் துவைப்பேன். "ஏலே, நீ பாஸாவியோ என்னமோ, ஒன் சட்டை பாஸாயிரும்" என்பான் அறைத் தோழன்.

நாலாம் வருட விடுமுறையில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஆறு வாரம் பயிற்சி பெற்று, சான்றிதழ் வாங்கி வர வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் இறுதி ஆண்டு வகுப்புக்குள் கால் வைக்க முடியாது. எனக்கு ஊரிலேயே இடம் கிடைத்தது. துறைமுகத்துப் பக்கம் கப்பல் சாமான்களையும் கிரேன்களையும் பழுதுபார்க்கிற ஒரு பணிமனை. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை.

அங்கே எல்லாம் சூப்பிரண்டு செல்வநாயகம் சார்தான். வெள்ளைக் கால்சட்டை, அதில் ஒரு பொட்டு எண்ணெய் பட்டு நான் பார்த்ததில்லை. யாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார். எந்த இயந்திரத்தில் தவறு நடந்ததோ அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டுதான் கேட்பார். கேள்விகளும் ஒரே சொல்லில் பதில் சொல்கிற மாதிரி இருக்கும். ஆமா, இல்லை, சரி, தப்பு. பச்சை மையூற்றிய பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருக்கும்வரை நாம் பேசலாம். மூடியைப் போட்டுத் திருகிவிட்டார் என்றால் விசாரணை முடிந்தது. பிறகு அந்தோணியாரே வந்து சொன்னாலும் காதில் ஏறாது.

என்னை அவர் "மிஸ்டர் மிக்கேல்" என்பார். இருபத்தொரு வயதுப் பையனை மிஸ்டர் என்றால் மரியாதையா நக்கலா என்று தெரியாமல் முழிப்பேன்.

பயிற்சியின் நாலாவது வாரம், ஜெட்டி என்கிற தோணித்துறை மேடையில் நின்ற பழைய கிரேனின் பிரேக் நெம்புகோலைத் தாங்குகிற இரும்புத் தாங்கி ஒடிந்தது. கனமான பெட்டிகளைத் தோணிகளில் இறக்க அந்த ஒரு கிரேன்தான். ஒடிந்த துண்டுகள் நேராகக் கடலுக்குள் விழுந்துவிட்டன. சங்கு குளிக்கிறவர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து முங்கச் சொன்னார்கள். ஜெட்டியடியில் சேறு. ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே தாங்கியைப் புதிதாக வார்க்க வேண்டும். அதற்கு இருந்த ஒரே ஆதாரம், கிரேனோடு இங்கிலாந்திலிருந்து வந்த, துணியில் வரைந்த பழைய படம். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பூச்சி அரித்துக் கிடந்தது.

"மிஸ்டர் மிக்கேல், இதை ட்ரேஸ் எடுக்க முடியுமா, முடியாதா?" என்றார் சூப்பிரண்டு. ட்ரேஸ் என்றால் உள்ளதை உள்ளபடி நகலெடுப்பது.

"முடியும் சார்."

தாங்கி ஒரு பலகை மாதிரி. ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். ஒரு விளிம்பில் மேலே நீட்டிக்கொண்டு ஒரு காது. அந்தக் காதில்தான் நெம்புகோல் மாட்டும். பழைய படம் ஃபர்ஸ்ட் ஆங்கிளில் இருந்தது. நான்தான் புதுக் கோட் படித்த ஆளாச்சே! பக்கப் படத்தை வலப்பக்கமிருந்து எடுத்து இடப்பக்கம் வைத்து, ஜம்மென்று தேர்ட் ஆங்கிளில் வரைந்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. எந்த முறை என்று ஓரத்தில் எழுதவும் இல்லை. எங்கள் கல்லூரியில் எழுதுகிற வழக்கம் கிடையாது, எல்லோருக்கும் தெரியும் என்று. அந்தப் பணிமனையிலும் எழுதுகிற வழக்கம் கிடையாது, அதே காரணம்தான். அங்கே எல்லோருக்கும் தெரிந்தது வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சூப்பிரண்டு பழைய படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். ஒவ்வோர் அளவாக வாசித்து பென்சிலால் டிக் போட்டார். ஒரு அளவு தப்பவில்லை. "சரிபார்த்தவர்" என்ற கட்டத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை, அத்தனை பெருமை.

இரும்பை வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்ய வேண்டும். அதுதான் பேட்டர்ன், பணிமனையில் கட்டை என்பார்கள். கட்டையை மண்ணில் புதைத்து எடுத்து, அந்தக் குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். கட்டை செய்கிறவர் ஆறுமுகம் ஆசாரி. முத்தையாபுரத்துக்காரர். ஏழு வருடமாகத் தற்காலிகம். அவர் பெயர் அந்த மாதம்தான் நிரந்தரப் பட்டியலில் ஏறியிருந்தது. நிரந்தரமானால்தான் குடியிருப்பில் வீடு கிடைக்கும். அதுவரை பெண்டாட்டி பிள்ளைகளோடு மச்சினன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார். பட்டியல் மாதக் கடைசியில் மேலே போகும். அதற்குள் யார் மீதாவது பிழை என்று சூப்பிரண்டு எழுதிவிட்டால் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள். இது பணிமனையில் எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய அடிக்கோலே விசித்திரமானது. இரும்பு ஆறும்போது சுருங்கும் இல்லையா? அதை ஈடுகட்ட, அவர் கோலில் ஓர் அங்குலம் என்பது நிஜ அங்குலத்தைவிட ஒரு நூலிழை கூடுதல். தெரியாமல் அதை எடுத்து ஒன்றை அளந்துவிட்டு ஒருநாள் முழுக்கக் குழம்பியிருக்கிறேன். "தம்பி, அது என் கோலு. அது எனக்கு மட்டுந்தான் நெசம் சொல்லும்" என்று பிடுங்கிக்கொண்டார்.

என் படத்தைப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். "தம்பி, இங்கன வாங்க. பக்கத்துப் படம் எப்பவும் வலக்கைப் பக்கம்லா இருக்கும்? இது இடக்கைப் பக்கம் கெடக்கே. காது முன்னால வருதா, பின்னால போவுதா?"

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. சொல்லவில்லை. திமிர் பாதி. மீதி பயம். விளக்க ஆரம்பித்தால் எனக்கே குழம்பிப்போய் அவர் முன்னால் அசடு வழிவேன் என்று தெரியும். "படத்துல உள்ளபடியே செய்யுங்க அண்ணாச்சி. கோட் படிதான் போட்டிருக்கேன்" என்றேன்.

"ஜெட்டிக்குப் போயி கிரேனை ஒரு பார்வை பாத்துட்டு வந்துரட்டா?"

கட்டை செய்கிற கூடமான பேட்டர்ன் ஷாப்பின் ஆள் ஜெட்டிக்குப் போகக் கூடாது என்பது சூப்பிரண்டின் சட்டம். நேரில் போய்ப் பார்த்தால் ஆளுக்கொரு அளவோடு வருவார்கள் என்பார். அதையே நானும் சொன்னேன். ஆறுமுகம் அண்ணாச்சி உளியை எடுத்தார். தேக்கில் மூன்று நாள் வேலை. கண்ணாடி மாதிரி இழைத்திருந்தார்.

வார்த்து, கடைந்து, ஜெட்டிக்குக் கொண்டுபோனோம். வேலை எப்போது முடியும் என்று தோணிகள் காத்துக் கிடந்தன. அப்பாவின் தோணியும் அதில் ஒன்று. ஃபிட்டர்கள் தாங்கியைத் தூக்கி வைத்தார்கள். நாலு போல்ட்டும் பொருந்தின. காது மட்டும் கரைப் பக்கம் நின்றது. நெம்புகோல் இருந்ததோ கடல் பக்கம். தாங்கியைத் திருப்பி வைத்தார்கள். காது கடல் பக்கம் வந்தது, அகல முனை மாறிப்போய் போல்ட் ஒன்றுகூடச் சேரவில்லை. இடது கால் செருப்பை வலது காலில் மாட்டப் பார்த்த கதைதான்.

"ஏலே மிக்கேலு, என்னல ஆச்சு?" என்று தோணியிலிருந்து அப்பா கத்தினார்.

என்ன ஆச்சு என்று தெரிந்தால்தானே சொல்ல? சூப்பிரண்டு தாங்கியின் காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

மறுநாள் காலை பேட்டர்ன் ஷாப்பில் விசாரணை. பெஞ்சின்மேல் கட்டை, பக்கத்தில் என் படம். பேனா மூடி திறந்திருந்தது.

"ஆறுமுகம், இந்தப் படத்தைப் பார்த்துத்தான் செய்தாயா?"

"ஆமா சார். ஆனா நான் தம்பிட்ட..."

"கேட்டதுக்கு மட்டும் பதில். மிஸ்டர் மிக்கேல், பழைய படத்தில் உள்ளது எல்லாம் இதில் இருக்கிறதா?"

"இருக்கு சார்."

"அப்படியானால் உங்கள் படம் சரியா, தப்பா?"

படத்தைப் பார்த்தேன். பரீட்சையில் அப்படிப் போட்டால் முழு மதிப்பெண். எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் சரியாகத்தான் இருந்தது. கட்டையைப் பார்த்தால் தப்பாக இருந்தது. "சரிதான் சார். ஆனா..." என்று ஆரம்பித்தேன். அந்த "ஆனா"வுக்குப் பிறகு என்ன சொல்வது என்று எனக்கே தெரியாது. அதற்குள் "பேட்டர்ன் செய்ததில் பிழை" என்று எழுதி மூடியைத் திருகிவிட்டார்.

அவர் போன பிறகு ஆறுமுகம் அண்ணாச்சி பெஞ்சில் கையூன்றி நின்றார். கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "லிஸ்ட்ல பேர அடிச்சிருவாவ தம்பி. அது கெடக்கட்டும். நான் எங்கன தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு வெளங்கல."

எனக்கும் விளங்கவில்லை. தலை வலிக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா துணிக்கு வைத்திருந்த இரண்டு பார் சோப்பையும் எடுத்துக்கொண்டு, என் படத்தை ஒரு தாளில் மறுபடி போட்டுவைத்து, முற்றத்தில் உட்கார்ந்தேன். முதல் சோப்பை நான் படித்த தேர்ட் ஆங்கிள் முறையில் வெட்டினேன். காது முன் விளிம்பில் வந்தது. கிரேனுக்கு வேண்டியது அதுதான். இரண்டாவதை, புரொபசர் வந்து மாற்றுவதற்கு முன்னால் படித்த பழைய முறையில், அதே படத்தைப் பார்த்து வெட்டினேன். காது பின் விளிம்புக்குப் போய்விட்டது. அச்சு அசல் ஆறுமுகம் அண்ணாச்சியின் கட்டை. ஒரே படம், இரண்டு சோப்பு. அவர் ஒரு மயிரிழை பிசகவில்லை. முறையைச் சொல்லாமல் விட்டவன் நான்.

தோணியிலிருந்து வந்த அப்பா குளிக்கச் சோப்புத் தேடினார். என் மடியில் கிடந்ததைப் பார்த்துத் திட்ட வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ போயி சொன்னா ஒன் சர்ட்டிபிகேட்டு என்னாவும்?"

"தர மாட்டாவ."

"அப்ப ஒரு வருசம் போயிருமா?"

"போயிரும்."

"ஏலே, வாய மூடிட்டு மொதல்ல படிப்ப முடி. அவருக்கு அடுத்த வருசமும் லிஸ்டு வரும்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், காதுள்ள சோப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ராத்திரிச் சாப்பாடுவரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். படுத்த பிறகு, "நான் எங்கன தப்புப் பண்ணேன்" என்று அண்ணாச்சி கேட்டதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் மீந்த சோப்போடு, வழியில் கடையில் இன்னொன்று வாங்கி வெட்டி, இரண்டையும் சூப்பிரண்டின் மேசையில் வைத்தேன். அவர் அறைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. தட்டுத்தடுமாறி விளக்கினேன். நடுவில் எந்தச் சோப்பு எது என்று எனக்கே மாறிப்போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆக, படமும் சரி, பேட்டர்னும் சரி என்கிறீர்கள்."

"ஆமா சார்."

"கிரேன் ஓடவில்லை, ஆனால் எல்லாம் சரி. அப்படி எழுத ரிப்போர்ட்டில் கட்டம் இல்லை மிஸ்டர் மிக்கேல். ஒரே சொல்லில் சொல்லுங்கள். உங்கள் படம் சரியா, தப்பா?"

"தப்பு சார்."

"நேற்று சரி என்றீர்கள்."

"இன்னைக்குத் தப்பு சார்."

என் படத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் கையெழுத்து அதில் பச்சையாகக் கிடந்தது. பேனா மூடி மேசையிலேயே இருந்தது. அவருக்கு முந்தின நாளே புரிந்துவிட்டதா, அப்போதுதான் புரிந்ததா, எனக்குத் தெரியாது. நேற்றைய வரியை அடித்துவிட்டு, "தவறான வரைபடத்தால் தவறாகச் செய்யப்பட்ட பேட்டர்ன். வரைந்தவர் பயிற்சி மாணவர்" என்று எழுதினார். அதன் கீழே இன்னும் ஒரு வரி எழுதினார். அதைக் கையால் மறைத்துக்கொண்டார். தன்னைப் பற்றித்தான் எழுதினாரா என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன், விடை இல்லை. "சான்றிதழ் தர முடியாது. புரிகிறதா, இல்லையா?" என்றார்.

"புரியுது சார்."

அதன்படியே ஒரு வருடம் போயிற்று. மறு விடுமுறையில் வேறொரு இடத்தில் பயிற்சி முடித்து, என் கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போன பிறகு நான் இறுதி ஆண்டில் உட்கார்ந்தேன். வேலைக்கு வந்த பிறகு ஒரு படம்கூட முறையை எழுதாமல் நான் வெளியே விட்டதில்லை. அப்புறம் ஒரு நாள் கோட் மறுபடி மாறிவிட்டது, பழைய ஃபர்ஸ்ட் ஆங்கிளே போதும் என்று! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் துறைமுகப் பணிமனையில் என் பயிற்சியின் கடைசி நாளைச் சொல்ல வேண்டும். புதுக் கட்டை செய்து, வார்த்து, கிரேன் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆறுமுகம் அண்ணாச்சியின் பெயர் பட்டியலில் நின்றுவிட்டது, பட்டியலும் மேலே போய்விட்டது. சாயங்காலம் சங்கு ஊதிய பிறகு அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். நன்றி சொல்வார், கையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், மறைப்பானேன். அவர் அந்த முதல் கட்டையைப் பெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழித்த கட்டைகள் கேன்டீன் அடுப்புக்குப் போகும்.

"ரிப்போர்ட்டு என்ன எழுதிருக்கு தம்பி? கிளார்க்கு வாசிச்சுக் காட்டுனாரு. தவறாகச் செய்யப்பட்ட பேட்டர்ன். அப்படித்தான?"

"ஆமா அண்ணாச்சி. ஆனா தப்பு என் படத்து மேலதான்..."

"ஒம் படம் எப்படியும் போட்டும்டே." முதல் தடவையாக 'டே' போட்டார். "வேல கெடச்சிட்டு, சரி. யாரு மேல தப்புன்னுதான் நீயும் சூப்பிரண்டும் மாறி மாறிப் பேசுனிய. ஆசாரி செஞ்சது சரின்னு ஒருத்தனாவது எழுதுனியளா? ஒனக்குத் தெரியும்லா? சோப்ப வெட்டிப் பாத்தியாம்லா?"

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். "இதுல எழுது. சூப்பிரண்டு எழுத மாட்டாரு. நீயாவது எழுது."

தேக்கின்மேல், கட்டையின் காதுக்குக் கீழே, "படத்தில் உள்ளபடி சரியாகச் செய்தது" என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

"கிறுக்காத. பேரு தெளிவா இருக்கட்டும்."

மிக்கேல் என்று முழுசாக எழுதினேன். எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தார். துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். வாசல்வரை சேர்ந்தே நடந்தோம்.

"ஒனக்கு ஒரு வருசம் போச்சாமே?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"போட்டும். நான் ஏழு வருசம் டெம்பரவரியா இருந்தேம்லா" என்று சொல்லிவிட்டு முத்தையாபுரம் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.